செம்பு ஜெயித்துவிட்டதா? ஒடுக்கிகளை ஒப்பிடும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்வதும்

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நெருங்கினால் எங்கள் வீட்டு வராந்தாவில் செருப்பு விட இடம் இருக்காது. பாளையங்கோட்டையில் வேதியியல் ட்யூஷன் எடுக்கும் எவருக்கும் அந்தப் பதினைந்து நாள் இப்படித்தான் போகும். மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல் என்று ஒவ்வொரு பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கேள்விகள் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் கோளாறு திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளலாம்.

புத்தகத்தில் ஆக்சிஜனொடுக்கி, ஒடுக்கும் காரணி என்று எப்படிப் போட்டிருந்தாலும் இங்கே சுருக்கமாக ஒடுக்கி. எலக்ட்ரானைக் கொடுக்கிறவன் ஒடுக்கி. எவன் தாராளமாகக் கொடுக்கிறானோ அவன் வலிமையான ஒடுக்கி. கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள், 25 டிகிரி செல்சியஸில் திட்ட ஒடுக்க மின்னழுத்தம், வோல்ட் கணக்கில்:

லித்தியம் −3.04
சோடியம் −2.71
மக்னீசியம் −2.37
அலுமினியம் −1.66
துத்தநாகம் −0.76
இரும்பு (2+ அயனியில் இருந்து உலோகம்) −0.44
வெள்ளீயம் −0.14
காரீயம் −0.13
ஹைட்ரஜன் 0.00
செம்பு (2+) +0.34
அயோடின் / அயோடைடு +0.54
இரும்பு 3+ / இரும்பு 2+ +0.77
வெள்ளி +0.80
குளோரின் / குளோரைடு +1.36
தங்கம் (3+) +1.50
பெர்மாங்கனேட் / மாங்கனீசு 2+ (அமிலத்தில்) +1.51
புளூரின் / புளூரைடு +2.87

விடை அப்படியே தலைகீழாக வருகிறது

"சார், செம்புக்கு +0.34, துத்தநாகத்துக்கு −0.76. அப்போ செம்புதானே பெரிய ஒடுக்கி?" வருஷம் தவறாமல் வரும் கேள்வி. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஒடுக்க மின்னழுத்தம் அதிகம் என்றால் ஒடுக்கும் சக்தி அதிகம் என்று நினைப்பது தமிழ் படித்தவனுக்கு இயல்பு. ஆனால் அந்த எண் சொல்வது, அந்த அயனி தான் ஒடுங்குவதற்கு எவ்வளவு ஆசைப்படுகிறது என்பதை. செம்பு அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு செம்பாக மாறத் துடிக்கிறது. அப்படி வாங்கிய செம்பு அதைத் திருப்பிக் கொடுக்குமா? லேசில் கொடுக்காது. ஆகவே எண் எவ்வளவு கீழே, அதாவது எவ்வளவு எதிர்க்குறிப் பக்கம் போகிறதோ, ஒடுக்கி அவ்வளவு வலியது.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் அந்தப் பறம்பை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்கப் பட்டங்கள், வெண்கலச் சாமான்கள், இரும்பு ஆயுதங்கள் மூன்றுமே கிடைத்தன. மண்ணுக்குள் கிடந்தால் தங்கம் மஞ்சளாகவே இருக்கும், வெண்கலம் பச்சை பிடிக்கும், இரும்பு துருவேறி உதிரும். இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துக் கொடுத்துத் தன்னையே அழித்துக்கொள்கிறது. தங்கம் கையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்போது அட்டவணையைப் பாருங்கள்: −0.44, +0.34, +1.50. உங்கள் விடையில் தங்கம் முதலிடத்துக்கு வந்தால் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதே கோளாறின் இன்னொரு முகம்: "மிக வலிமையான ஒடுக்கி லித்தியம் அயனி" என்று எழுதுவது. அயனி ஏற்கெனவே கொடுத்து முடித்தவன். அவனிடம் கொடுக்க என்ன இருக்கிறது? ஒடுக்கியைத் தேட வேண்டியது அரைவினையின் (அயனி + எலக்ட்ரான் → உலோகம் என்று எழுதுவோமே, அதன்) வலப்பக்கத்தில். லித்தியம் உலோகம்தான் விடை. அதே போல் பட்டியலின் மறுகோடியில் மிக மோசமான ஒடுக்கி புளூரைடு அயனி. புளூரின் வாயு என்று எழுதினால் மதிப்பெண் போச்சு.

மல்டிமீட்டர் −1.1 என்று காட்டுகிறது

வீட்டிலேயே டேனியல் மின்கலம் (துத்தநாகத்தையும் செம்பையும் அதனதன் உப்புக் கரைசலில் வைத்து, இரண்டு கரைசலையும் உப்புப் பாலத்தால் இணைப்பது) செய்து பார்க்கிறவர்களுக்கு வருவது இது. முதலில் நல்ல சேதி: உங்கள் மின்கலம் சரியாக வேலை செய்கிறது. கம்பிகள்தான் இடம் மாறியிருக்கின்றன.

மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கலைச்சொல். ஆனோடு என்பதை நேர்மின்வாய் என்றும் கேத்தோடு என்பதை எதிர்மின்வாய் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். மின்னாற்பகுப்புக்கு அது பொருந்தும். அங்கே ஆனோடு பேட்டரியின் நேர்முனையோடு இணைந்திருக்கும். மின்கலத்தில் அப்படி இல்லை. ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் எதுவோ அது ஆனோடு. டேனியல் மின்கலத்தில் அது துத்தநாகம். துத்தநாகம் எலக்ட்ரானை வெளியே தள்ளுவதால் அதன் முனைக்கு எதிர்க்குறி. ஆக, "நேர்மின்வாய்" என்று பெயர் வைத்துக்கொண்டு எதிர்க்குறியோடு நிற்கிறது! தமிழ் வழியில் படித்த பிள்ளை பெயரை நம்பிச் சிவப்புக் கம்பியைத் துத்தநாகத்தில் மாட்டுகிறது, மீட்டர் மைனஸ் காட்டுகிறது, "சார், மீட்டர் ரிப்பேர்" என்கிறது. மின்கலப் பாடத்துக்கு மட்டும் ஆனோடு, கேத்தோடு என்றே சொல்லச் சொல்கிறேன். தூய தமிழ் அன்பர்கள் மன்னிக்கவும்.

சிவப்பைச் செம்பில் மாட்டுங்கள், கறுப்பைத் துத்தநாகத்தில். +1.1 வரும். இதில் ஒரு வசதியும் உண்டு. எந்த இரண்டு உலோகத்தையும் இப்படி எதிரெதிரே அதனதன் உப்புக் கரைசலில் வைத்து மீட்டரை மாட்டினால், எண் நேர்க்குறியாக வரும்போது கறுப்புக் கம்பி தொட்டுக்கொண்டிருப்பதுதான் வலிய ஒடுக்கி. அட்டவணையே வேண்டாம்.

1.1 வரவில்லை, 0.9, 0.6 என்று இழுக்கிறது, அல்லது பூஜ்யம்

பூஜ்யம் என்றால் உப்புப் பாலம் காய்ந்துவிட்டது, அல்லது கிளிப் துருப்பிடித்திருக்கிறது. வடிதாளைச் சுருட்டிப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்து மறுபடி போடுங்கள். குறைவாகக் காட்டினால் துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டும். பழைய கார்பன்-துத்தநாகப் பேட்டரியின் உறையை வெட்டி எடுத்தவர்கள் உட்புறத்தில் கறுப்பு மை கொஞ்சமும் இல்லாமல் கழுவிவிட்டீர்களா என்று பாருங்கள். கரைசல் நீர்த்துப்போனதால் இவ்வளவு குறையாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

செம்புக் கரைசலுக்கு மயில்துத்தம் உரக்கடையிலேயே கிடைக்கும். விஷம்; சமையல் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம், கரைத்ததை வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம்.

வோல்ட் கணக்கு மிகப் பெரிதாக வருகிறது

செம்பும் வெள்ளி அயனியும். சமன்பாட்டைச் சமன்செய்ய வெள்ளி அரைவினையை 2 ஆல் பெருக்குகிறோம். பெருக்கின கையோடு 0.80 ஐயும் 2 ஆல் பெருக்கி, 1.60 − 0.34 = 1.26 வோல்ட் என்று பெட்டி கட்டி அடிக்கோடும் போட்டுவிடுகிறார்கள். சரியான விடை 0.80 − 0.34 = 0.46.

தினமும் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் போடுகிறார்களே, பாபநாசம் இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி என்று. பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி. ஒரு மதகுக்குப் பதில் இரண்டு மதகைத் திறந்தால் வெளியே போகும் தண்ணீர் இரட்டிப்பாகும். அணை 286 அடி ஆகிவிடுமா? வோல்ட் என்பது மட்டம். ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு. எத்தனை எலக்ட்ரான் போனாலும் மட்டம் அதேதான். பெருக வேண்டியது கிப்ஸ் ஆற்றல். அது எலக்ட்ரான் எண்ணிக்கை, ஃபாரடே (96,485 கூலும்), வோல்ட் மூன்றையும் பெருக்கி முன்னால் கழித்தல் குறி போட்டால் வருவது.

இந்த உவமை பிடிபட்ட பிள்ளைகள் அடுத்த குழியில் விழுவார்கள். இரும்பு 3+ அயனி முழு இரும்பு உலோகமாக ஒடுங்குவதற்கு என்ன வோல்ட்? 3+ இல் இருந்து 2+ க்கு +0.77, 2+ இல் இருந்து உலோகத்துக்கு −0.44, கூட்டினால் +0.33 என்று எழுதுவார்கள். தப்பு. முதல் படியில் ஒரு எலக்ட்ரான், இரண்டாம் படியில் இரண்டு. மட்டங்களைக் கூட்டக் கூடாது, ஆற்றலைக் கூட்ட வேண்டும்: (1 × 0.77) + (2 × −0.44) = −0.11. அதை மூன்று எலக்ட்ரானால் வகுத்தால் சுமார் −0.04 வோல்ட். குறியே மாறிவிட்டது பாருங்கள். ஒரு அரைவினையும் இன்னொரு அரைவினையும் சேர்ந்து மூன்றாவது அரைவினை வந்தால் மட்டும்தான் இந்தச் சுற்று. முழு மின்கலத்துக்கு நேரடியாகக் கழித்தாலே போதும், ஏனென்றால் அங்கே கொடுத்த எலக்ட்ரானும் வாங்கிய எலக்ட்ரானும் சமம்.

இரும்பைவிட மோசமான ஒடுக்கி செம்பு என்கிறீர்கள். பிறகு பெர்ரிக் குளோரைடு செம்பை எப்படித் தின்கிறது?

இதைக் கேட்டவன் டவுனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சாயங்காலம் வேலை பார்க்கும் பையன். சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பை அரித்தெடுக்கப் பெர்ரிக் குளோரைடு (இரும்பு 3+ அயனியின் குளோரைடு) ஊற்றுவதைத் தினமும் பார்க்கிறவன். நல்ல கேள்வி. மூன்று மார்க் கேள்வியாக வந்தால் பாதி வகுப்பு கவிழும்.

சிக்கல், "இரும்பு" என்று ஒரே ஆளாக நினைப்பதில் இருக்கிறது. அட்டவணையில் தனிமங்கள் இல்லை, ஜோடிகள்தான் இருக்கின்றன. இரும்புக்கே இரண்டு ஜோடி: 2+ மற்றும் உலோகம் (−0.44), 3+ மற்றும் 2+ (+0.77). செம்பு (+0.34) இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எனவே செம்பால் இரும்பு 3+ ஐ 2+ ஆக்க முடியும், 0.43 வோல்ட் வித்தியாசம். அங்கேயே நிற்கும். 2+ ஐ உலோகமாக்கச் செம்பால் முடியாது. மறுபுறம் இரும்பு ஆணியை மயில்துத்தத்தில் போட்டால் ஆணி செம்பை வெளியே தள்ளும், தான் 2+ ஆகும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இதை வைத்து இன்னொன்றையும் யூகிக்கலாம். இரும்பு 2+ கரைசல் வைத்திருந்தால் நாள்பட நாள்பட 3+ ஆகி மஞ்சளடிக்கும். அதில் ஒரு சுத்தமான ஆணியைப் போட்டு வைத்தால் 3+ ஆன அயனியை ஆணி திரும்ப 2+ ஆக்கிவிடும். இரும்புக்கு இரும்பே மருந்து.

அதனால் விடை எழுதுவதற்கு முன் ஒரு வேலை: எந்த இரண்டு ஜோடி என்று முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். "செம்பு அமிலத்தில் கரையாது" என்று பாடம் செய்த பிள்ளைகள் நைட்ரிக் அமிலத்தில் அது கரைவதைப் பார்த்துத் திகைப்பதும் இதனால்தான். ஹைட்ரோகுளோரிக்கில் எலக்ட்ரான் வாங்க வருவது ஹைட்ரஜன் அயனி, 0.00. நைட்ரிக்கில் வாங்க வருவது நைட்ரேட், +0.96. ஆள் வேறு. (புளி போட்டுச் செம்புக் குடத்தைத் தேய்க்கும்போது பளிச்சென்று ஆவது இதில் சேராது. அங்கே புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது, எலக்ட்ரான் கைமாறுவதில்லை.)

கணக்கு சரி, ஆனால் அலுமினியம் அசையவே இல்லை

எனக்குப் பிடித்த கோளாறு. அலுமினியம் −1.66, செம்பு +0.34. இரண்டு வோல்ட் வித்தியாசம். துத்தநாகத்தைவிட வேகமாகப் பாய வேண்டும். மயில்துத்தக் கரைசலில் அலுமினியத் தாளைப் போட்டால் ஒன்றுமே நடக்காது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தாலும் பளபளவென்று அப்படியே கிடக்கும். "புத்தகம் பொய் சொல்லுது சார்."

புத்தகம் பொய் சொல்லவில்லை, அலுமினியம் சட்டை போட்டிருக்கிறது. காற்றுப் பட்டவுடனேயே அதன் மேல் மெல்லிய, இறுக்கமான ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. கரைசல் தொடுவது அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை இல்லை. நம் வீட்டு அலுமினியச் சட்டி இத்தனை வருஷம் தாங்குவதும் அந்தச் சட்டையால்தான்.

சட்டையைக் கழற்றத் தூத்துக்குடி உப்பு ஒரு சிட்டிகை போதும். குளோரைடு அயனி படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அப்புறம் பாருங்கள்: தாள் ஓட்டை ஓட்டையாகும், செம்பு சிவந்த பழுப்பு நிறத்தில் சேறு மாதிரிப் படியும், ஹைட்ரஜன் குமிழி வரும், டம்ளர் சுடும். உண்மையாகவே நன்றாகச் சுடும். ஆகவே சிறிய அளவில், வாய் அகன்ற கண்ணாடிக் குவளையில், மூடாமல் செய்யுங்கள். ஒருமுறை நான் தாளைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டு, வராந்தாத் தரையில் இன்னும் போகாத நீலக் கறை ஒன்றுக்கு வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது: உப்புப் போட்டதால் அலுமினியம் வலிய ஒடுக்கியாகிவிடவில்லை. முன்பும் அதே −1.66 தான். மின்னழுத்தம் "போகலாம்" என்று மட்டும்தான் சொல்லும்; எப்போது கிளம்பும், எவ்வளவு வேகத்தில் போகும் என்று சொல்லாது.

லித்தியத்துக்கு −3.04, ஆனால் தண்ணீரில் சோடியம்தான் ஆட்டம் போடுகிறது

மேலே சொன்னதே இதற்கும். தண்ணீரில் சோடியம் வினைபுரியும் சூட்டில் உருகி (98 டிகிரி) உருண்டையாகி ஓடும், புதுப்புது மேற்பரப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும். திடமாகவே மிதந்து நிதானமாகக் கரைகிறது. ஆர்ப்பாட்டம் வேகத்தின் அளவு, வலிமையின் அளவு இல்லை.

"சீசியத்திடம் எலக்ட்ரானைப் பிடுங்குவதுதானே சுலபம்?" என்று தனிம வரிசை அட்டவணையைக் காட்டி மடக்குகிறவர்களும் உண்டு. வாயு நிலையில் சரிதான்: முதல் அயனியாக்க ஆற்றல் லித்தியத்துக்கு மோலுக்குச் சுமார் 520 கிலோஜூல், சீசியத்துக்கு 376. ஆனால் நம் அட்டவணை தண்ணீருக்குள் நடப்பதற்கானது. லித்தியம் அயனி மிகச் சிறியது. தண்ணீர் மூலக்கூறுகள் அதை நெருங்கி மொய்த்துக்கொள்ளும்போது வெளிவரும் ஆற்றல், எலக்ட்ரானைப் பிடுங்கச் செலவழித்ததை ஈடுகட்டிவிடுகிறது.

பியூரெட் அளவு தப்பாக வருகிறது

பெர்மாங்கனேட் தரம்பார்த்தல், அதாவது பியூரெட்டில் இருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒடுக்கியின் அளவைக் கண்டுபிடிப்பது. இதையும் ஒடுக்கி வலிமையையும் பிள்ளைகள் சேர்த்துப் பார்ப்பதே இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றுதான்.

அளவு கூடுதலாக வந்தால் அமில பாட்டிலை முகர்ந்து பார்க்காமல் லேபிளைப் படியுங்கள். நீர்த்த கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் போட்டிருந்தால் அதிலுள்ள குளோரைடும் (+1.36) ஒடுக்கிதான். பெர்மாங்கனேட்டுக்கு (+1.51) முன்னால் அதுவும் எலக்ட்ரானைக் கொடுக்கும், பெர்மாங்கனேட் அதிகமாகச் செலவாகும். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் முழுக்க யாருக்குமே அளவு ஒத்துப்போகவில்லை. பாட்டிலில் ஊற்றி வைத்தவர் அமிலத்தையே மாற்றி ஊற்றியிருந்தார். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நைட்ரிக் போட்டால் நேர்மாறு: அதுவே எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதால் பெர்மாங்கனேட் குறைவாகச் செலவாகும்.

பழுப்பு வீழ்படிவு வந்தால் அமிலம் போதவில்லை. மாங்கனீசு 2+ வரை போகாமல் மாங்கனீசு டைஆக்சைடாக நின்றுவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், சரிக்கட்ட முடியாது.

ஆக்சாலிக் அமிலத்தில் முதல் சொட்டு இளஞ்சிவப்பு போகாமல் நின்றால் முடிவுநிலை வந்துவிட்டதாக நினைத்து எழுதிவிடாதீர்கள். ஆக்சாலிக் −0.49, பெர்மாங்கனேட்டோடு சரியாக 2.00 வோல்ட் இடைவெளி. மோர் உப்பின் இரும்பு 2+ (+0.77) க்கு வெறும் 0.74. அப்படியிருந்தும் மோர் உப்பு குளிர்ந்த கரைசலில் சட்டென்று முடியும், ஆக்சாலிக்கை 60–70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அலுமினியக் கதைதான், சட்டை மட்டும் வேறு. கொஞ்சம் மாங்கனீசு 2+ உண்டானதும் அதுவே வினையூக்கியாகி அடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் மறையும். (மோர் உப்புக்கும் நாம் குடிக்கும் மோருக்கும் சம்பந்தமில்லை, மோர் என்பவர் ஒரு ஜெர்மன் வேதியியலாளர். வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.)

வெள்ளீயமா காரீயமா என்று தீர்மானிக்க முடியவில்லை

−0.14, −0.13. நூறில் ஒரு வோல்ட். தேர்வில் கேட்டால் வெள்ளீயம் என்று எழுதுங்கள். பெஞ்சில் செய்து பார்த்தால் எதிர்மாறாகவும் வரலாம், ஏனென்றால் இந்த எண்கள் எல்லாம் அயனியின் செறிவு லிட்டருக்கு 1 மோல் என்ற திட்ட நிலைக்கு. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி இரண்டு எலக்ட்ரான் ஜோடிக்குச் செறிவு பத்து மடங்கு மாறினால் அழுத்தம் சுமார் 0.03 வோல்ட் நகரும். வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் இடையே அது வரிசையைப் புரட்டப் போதும். துத்தநாகத்துக்கும் செம்புக்கும் இடையே உள்ள 1.10 ஐ அசைக்கப் போதாது. செம்புக் கரைசலைப் பத்து மடங்கு நீர்க்க வைத்தாலும் மீட்டரில் 1.07 தான் வரும். முன்னே 0.6 காட்டியதே, அதற்குக் கரைசலைக் குறை சொல்ல வேண்டாம் என்றது இதனால்தான், தகட்டைத் தேயுங்கள்.